பதினான்கு துடிப்பும் இருபத்தொரு துடிப்பும்

சூடேறும் தூசிக்கு ஒரு வாசனை உண்டு.

பல வருடம் மூலையில் கிடந்த டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். முதலில் மேலே படிந்த தூசி காயும். பிறகு உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் வார்னிஷ் லேசாகக் கசியும். கடைசியில், எப்போதோ யாரோ வைத்த ஈயப்பற்றின் பிசின் இளகி மூக்குக்கு வரும். கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் கருகிய முடி.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வெளியே, செல்போன் ரிப்பேர் கடையில் போன வாரம் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஏதோ ஒரு போர்டில் ஈயம் பற்றவைத்தார். ஓர் இழைப் புகை எழுந்து என் பக்கம் சாய்ந்தது.

அவ்வளவுதான்.

“அக்கா, டிஸ்ப்ளே போச்சு. மாத்திடலாமா?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. நான் அந்தக் கடையில் இல்லை. தேவனேரியில், அஞ்சலை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த வாரம் வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். பறவைகள் அடுத்த மழைக்கும் வரும். அவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு பந்தயம்

இது நடந்தது இந்தப் பங்குனியில். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கடலுக்கு முகம் கொடுத்து நிற்கிற குப்பம் தேவனேரி. அஞ்சலை அங்கேயே பிறந்தவள். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போனார்கள். அவள் பாலிடெக்னிக்குக்குப் போனாள். அங்கேதான் எனக்குக் கிடைத்தாள். எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் ஒரே பெஞ்சு. பிறகு ஒரே கம்பெனி. பிறகு ஒரே சண்டை, முப்பது வருடத்துக்கும் மேலாக.

அன்று காலை அவள் மேசை மேல் பிளாஸ்டிக் விரிப்பைத் துடைத்து, ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வைத்தாள். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு போர்டு. அதில் சின்ன விசைப்பலகை, சிவப்பாக எரியும் ஆறு இலக்கங்கள், நடுவில் நாற்பது கால்களுடன் ஒரு கறுப்புச் சிப்பு: 8085. மாணவர்கள் பழகுவதற்கென்று செய்த பயிற்சிப் பெட்டி. நாங்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, எல்லோரும் நாற்காலியையும் மின்விசிறியையும் எடுத்துப் போனார்கள். இவள் இதைக் கேட்டு வாங்கி வந்தாள்.

சுவிட்சைப் போட்டாள். அந்த வாசனை எழுந்தது.

“நாறுது பாரு. உசுரோட கீது,” என்றாள்.

எதிரே அவள் மகன் பிரபு உட்கார்ந்திருந்தான். புனேயில் கணினி வேலை. அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போக ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தான். அம்மா வரமாட்டேன் என்றாள். அவன் கெஞ்சினான். அவள் கத்தினாள். கடைசியில் அவளே ஒரு பந்தயம் வைத்தாள்.

“இந்த மிஷின்ல நான் ஒரு புரோகிராம் எய்தறேன். புக்கு பாக்கமாட்டேன். ஓடுச்சுன்னா நான் இந்த வூட்டுலதான் இருப்பேன், நீ வாயைத் தொறக்கக் கூடாது. ஓடலைன்னா ஞாயித்துக்கெழம உன்கூட வந்துடறேன்.”

“ஓடுச்சா ஓடலையான்னு யாரும்மா சொல்றது? எங்களுக்கு இதெல்லாம் பாடத்துல கிடையாது.”

“ரேவு சொல்லுவா.”

ரேவு நான்தான்.

கிழமை கேட்ட டாக்டர்

கணவர் போன பிறகு அஞ்சலை தனியாகத்தான் இருந்தாள். தனியாக இருப்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. காலையில் கடற்கரை வரை நடப்பாள். அண்ணன் மகன்கள் கொண்டுவரும் மீனில் குறை சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வாள். மாலையில் எனக்குப் போன் செய்து, நான் பத்திரிகையில் எழுதியதைக் கிழிப்பாள்.

“இன்னாடி, மழைய பத்தி ஒன்ர பக்கம் எய்திகீறே? மழை பெஞ்சுச்சுன்னு சொன்னா பத்தாதா?”

போன வருடம் ஏதோ ஆரம்பித்தது. மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் இறங்கியவள், வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வெயிலில் நின்றிருக்கிறாள். மீன் கூடையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அப்புறம் ஒருநாள் தண்ணீர் ஊற்றாத குக்கர் அடுப்பில் கருகியது. இன்னொரு நாள், எப்போதோ இறந்துபோன பெரிய அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். போகப்போகக் கூடும், குறையாது என்றார்.

அஞ்சலை ஒப்புக்கொள்ளவில்லை. “இன்னா கெழமன்னு கேக்கறான்டி அந்த டாக்டரு. வேலைக்குப் போறவளுக்குத்தான் கெழம. எனக்கு எதுக்குக் கெழம? நூறுலேந்து ஏழு ஏழா கொறைக்கச் சொல்றான். நான் இன்னா, கொயந்தையா? எனக்கு இன்னா தெரியுமோ அதுல கேக்கச் சொல்லு.”

அவளுக்குத் தெரிந்தது அசெம்ப்ளி. சிப்பின் தாய்மொழி. அதில்தான் அவள் தன்னை நிறுத்துப் பார்க்க நினைத்தாள்.

நான் மறுக்கவில்லை. அவள் ஜெயிப்பாள் என்றுதான் நினைத்தேன். வீட்டு வழியை மறந்தாலும் அதை மறக்கமாட்டாள் என்று.

மூன்று சிப்புகள், இரண்டு பெண்கள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மேசையில் என்ன உடைந்தது என்று உங்களுக்குப் புரியாது.

மறைமலைநகரில், கார் பாகம் செய்யும் தொழிற்சாலைகளின் பின்வரிசையில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கம்பெனி. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் மின்னணு அட்டைகள் செய்தோம். தகடு அழுத்தும் ஒரு பிரஸ் எத்தனை தடவை இறங்கியது, எப்போது நிற்க வேண்டும், ஆள் கை உள்ளே இருந்தால் இறங்காமல் எப்படித் தடுப்பது: இதையெல்லாம் அந்த அட்டையிலிருந்த சிப்புக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. வரி வரியாக, எண் எண்ணாக, கையால்.

முதலாளிக்கு 8085 போதும். சென்னை ரிச்சி தெருவில் எப்போது போனாலும் கிடைக்கும், மலிவு, கல்லூரியில் எல்லோரும் படித்தது. எங்கள் இருவருக்கும் அதன் மேல் பெரிய மரியாதை கிடையாது.

என் காதல் 6502. பள்ளியில் ஒரு பழுப்பு நிறக் கணினிப் பெட்டி வந்து இறங்கியபோது அதற்குள் அது இருந்தது. ஏழைச் சிப்பு. எண்களைப் பிடித்துக்கொள்ள அதற்கு மூன்றே மூன்று கைகள். ஆனால் நினைவகத்தின் முதல் பக்கத்தை அது தன் மடியைப் போலப் பயன்படுத்தும். எட்டிய தூரத்தில் எல்லாம் இருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில் வளர்ந்தவள் நான். அந்தச் சிக்கனம் எனக்குப் புரிந்தது.

அஞ்சலையின் காதல் இசட்-80. 8085 பேசும் மொழியை ஏறக்குறைய முழுதாகப் பேசிவிட்டு, மேலே தன் சொந்தச் சொற்களையும் வைத்திருக்கும் சிப்பு. அதற்குக் கைகள் நிறைய. அத்தோடு, மறைவாக இன்னொரு ஜோடிக் கைகளும் உண்டு. ஒரே உத்தரவில் இங்கிருப்பதை அப்படியே வைத்துவிட்டு அங்கே போய்விடலாம்.

“வூட்டுக்குள்ள இன்னொரு வூடுடி அது. இந்தக் கதவ சாத்து, அந்தக் கதவத் தொற. எதுவும் கலையாது,” என்பாள். பத்துப் பேர் ஒரு குடிசையில் படுத்து வளர்ந்தவளுக்கு அதைவிடப் பெரிய சொகுசு என்ன?

சண்டை தினமும் கம்பெனி பஸ்ஸில் தொடங்கும். தறிகெட்ட சண்டை. முன் சீட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்து, மாமியார் சண்டையோ என்று காது கொடுத்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் திரும்பிக்கொள்வார்கள்.

நினைவகத்தில் ஓர் இடத்தில் இருக்கும் எண்களை இன்னோர் இடத்துக்கு நகர்த்த வேண்டும். எந்தச் சிப்பு கெட்டிக்காரி? இதுதான் வழக்கு. சிப்பு ஒவ்வொன்றும் ஒரு துடிப்பில் இயங்குகிறது, நம் நெஞ்சைப் போல. ஓர் எண்ணை நகர்த்த 8085-க்கு நாற்பது துடிப்பு வேண்டும். அஞ்சலையின் இசட்-80, அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு தனி உத்தரவால், இருபத்தொரு துடிப்பில் முடிக்கும். என் 6502-க்குப் பதினான்கே போதும்.

“பதினாலு! கேட்டுக்கோ,” என்பேன்.

“இன்னா பெரிய பதினாலு? உன்னுது ஒரு தபா துடிக்கறதுக்குள்ள என்னுது நாலு தபா துடிச்சிடும். கடியாரத்த வெச்சிப் பாரு. யாரு மொதல்ல வந்து நிக்கறா?”

“வேகமா மூச்சு வாங்கறது திறமையாடி? ஒரு மூச்சுல எவ்வளவு வேலைன்னு பாக்கணும்.”

“சரி, அத்த உடு. இருநூத்தி அம்பத்தாறு எண்ணுக்கு மேல போனா உன் ஏழைச் சிப்பு இன்னா பண்ணும்? நாக்கு தள்ளும். நாலு வரிய பத்து வரியா இய்க்கணும். என்னுது? ஒரே வரி. சிப்போட நேரத்தையே பாத்துகினு கீறியே, எய்தறவ நேரத்த எவ பாக்கறது?”

எழுதுகிறவளின் நேரம். அது ஒன்றுதான் திரும்பக் கிடைக்காதது என்று அந்த வயதில் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

சிப்பு முக்கியமா, எழுதுகிறவள் முக்கியமா என்பதுதான் உண்மையில் அந்தச் சண்டை. நாங்கள் துடிப்புகளை வைத்து அதைப் போட்டோம், பிற்பாடு வீடு வாசலை வைத்தும் போட்டோம். நான் வேலையை விட்டு எழுத வந்தபோது அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் போன்: “உன் கவித படிச்சேன். நாப்பது துடிப்பு. பதினாலுல முடிச்சிருக்கலாம்.”

நீ சிப்பு, நான் புரோகிராம்

அந்த நாட்களில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எழுதிய புரோகிராமை நேரே இயந்திரத்தில் போடமாட்டோம். தப்பாகப் போனால் எங்கே போனது என்று தேட ஒரு முழு நாள் போய்விடும். அதனால் ஒருத்தி எழுதினால், மற்றவள் சிப்பு ஆக வேண்டும்.

சிப்பு ஆவது என்றால் இடது உள்ளங்கையை விரித்துக்கொள்வது. பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் ஓர் எண், கட்டை விரலில் ஓர் எண், ஆள்காட்டி விரலில் ஓர் எண். அவள் ஒரு வரி படிப்பாள். நான் அதன்படி என் கையிலிருக்கும் எண்ணை அழித்து மாற்றி எழுதுவேன். புரோகிராம் எதற்காக என்று நான் யோசிக்கக் கூடாது. சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். பஸ் மறைமலைநகரைத் தொடுவதற்குள் என் கை முழுக்க நீலமாகியிருக்கும்.

ஒரு தடவை கண்டக்டர் கேட்டார்: “இன்னாம்மா, கைரேகையா? எனக்கும் பாத்து சொல்லேன், எப்போ பர்மனெண்ட் ஆவேன்னு.”

அஞ்சலை அவர் கையைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, “அண்ணாத்த, உங்க ரேகைல லூப்பு கீது. இதே ரூட்டுலதான் சுத்திகினு இருப்பீங்க,” என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார்.

அந்த வழக்கம் என் கையை விட்டுப் போகவே இல்லை. இன்றும் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, யாரோ படிக்கக் கேட்பதுபோல, கட்டை விரலால் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கிறேன்.

அந்த ஒரு வரி

மேசைக்குத் திரும்புகிறேன்.

அஞ்சலை எடுத்துக்கொண்டது எளிய வேலை. நினைவகத்தில் வரிசையாக ஐந்து எண்கள் இருக்கும். அவற்றைக் கூட்டி விடையைக் காட்ட வேண்டும். பாலிடெக்னிக்கில் முதல் வாரம் செய்யும் பயிற்சி.

பிரபு லேசாகச் சிரித்தான். “இவ்ளோதானாம்மா?”

“வாய மூட்ரா. உன் மொபைலு பண்றதும் இதான், கொஞ்சம் ஜாஸ்தியா.”

ஒரு வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தாள். ஜன்னல் வழியே கடல் வெளிச்சம் தாளின் மேல் ஆடியது. எழுத்து அதே எழுத்து, வலப்பக்கம் சாய்ந்து ஓடுவது. ஒவ்வொரு உத்தரவுக்கும் பக்கத்திலேயே அதன் எண்ணையும் மனப்பாடமாக எழுதிக்கொண்டே போனாள். அந்த எண்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஜெயித்துவிட்டாள், ஜெயித்துவிட்டாள் என்று உள்ளே ஒருத்தி குதித்தாள்.

எண்ணைக் கூட்டு. அடுத்த இடத்துக்கு நகர். பிறகு, எண்ணிக்கையில் ஒன்று குறை, இன்னும் மீதி இருந்தால் மேலே திரும்பிப் போ.

அந்தத் திரும்பும் வரியை அவள் எழுதியபோது, மேசைக்கு அடியில் என் கட்டை விரல் நின்றுவிட்டது.

ஒன்றைக் குறைப்பதையும் திரும்பிப் போவதையும் ஒரே உத்தரவாக எழுதியிருந்தாள். அழகான உத்தரவு. ஆனால் அது இசட்-80-இன் சொந்தச் சொல். 8085-க்கு அது தெரியாது. அங்கே இரண்டு வரியாகத்தான் எழுத வேண்டும்.

மேசை மேல் இருந்தது 8085.

இதில் ஒரு கொடுமை உண்டு. தெரியாத சொல்லைக் கேட்டால் 8085 நிற்காது, விளக்கைச் சிமிட்டாது, தெரியாது என்று சொல்லாது. அந்தச் சொல்லின் எண்ணுக்கு அதன் கையேட்டில் இடம் காலி. ஆனால் உள்ளே காலியில்லை. தான் கையில் வைத்திருக்கும் முகவரியைப் பாதியாக நறுக்கிவிட்டு, திரும்பிப் போகாமல், ஒன்றும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போய்விடும். ஐந்து எண்களில் முதலாவதை மட்டும் கூட்டியிருக்கும். அதையே விடை என்று வைத்துவிடும்.

எத்தனையோ வருடம் பகலெல்லாம் 8085-க்கு எழுதி, மாலையெல்லாம் இசட்-80-க்காகச் சண்டை போட்டவள். ஒரு நாள்கூட இரண்டையும் கலந்ததில்லை.

“ஒரு தபா படிச்சிப் பாத்துடு,” என்றேன். குரல் சாதாரணமாக வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

படித்தாள். விரலை வைத்து, மேலிருந்து கீழ் வரை. அந்த வரியின் மேல் விரல் போனது, கடந்தது. மறுபடியும் படித்தாள். மறுபடியும் கடந்தது.

“ஒயுங்காத்தான்டி கீது.”

எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கூட்ட வேண்டிய ஐந்தையும் உள்ளே வைத்தாள். முதல் எண் பன்னிரண்டு. ஓட்டும் விசையைத் தட்டினாள். சிவப்பு விளக்குகள் ஒரு கணம் அணைந்து, ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஒற்றை எழுத்து எரிந்தது. விடை இருக்கும் இடத்தைத் திறந்தாள்.

12.

சிவப்பாக, தெளிவாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

“ஓடிச்சு!” பிரபு எழுந்துவிட்டான். திரையில் ஏதோ ஓர் எண் வந்ததே அவனுக்குப் போதும். அழைத்துப் போக வந்த பிள்ளை அவன். ஆனால் அம்மா தோற்பதைப் பார்க்க வந்தவன் இல்லை. கண் கலங்கி இருந்தது. “பாஸும்மா. நீ பாஸு. நான் வாயே தொறக்கல. இங்கயே இரு. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்.”

அஞ்சலையின் முகத்தில் எத்தனையோ மாதமாகக் காணாத வெளிச்சம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள், அப்போதுதான் தன் வீட்டுக்குள் வந்தவளைப் போல. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி, கணவரின் படம், ஜன்னல், கடல்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ரேவு, சரிதானே?”

ஓர் ஆமாம் போதும். அவள் வீட்டில் இருப்பாள். நான் மாலையில் போனில் திட்டு வாங்குவேன். அடுப்பில் குக்கர் இருக்கும். பஸ் நிலையத்தில் வெயில் இருக்கும். யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள், வருகிற வரையில்.

வாசலுக்கு அந்தப் பக்கம் அலை ஒன்று விழுந்து இழுத்துக்கொண்டு போனது.

“தப்புடி,” என்றேன்.

அதற்குப் பிறகு

பிரபு என்னை முறைத்தான். “பெரிம்மா...”

நான் தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். அஞ்சலை குனிந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“ஐயோ! இசட்-80! பாருடி, அவன் தலைல இவன் தொப்பிய மாட்டி உட்டுகீறேன்!”

நானும் சிரித்தேன். பிரபுவும் என்ன ஏது என்று தெரியாமல் சிரித்தான். கொஞ்ச நேரம் அந்த வீடு பழைய கம்பெனி பஸ்ஸைப் போல இருந்தது.

அப்புறம் அவள் மட்டும் நிறுத்திவிட்டாள்.

“இப்போ கண்டுபுடிச்சிட்டல்லம்மா? ரெண்டு வரியா மாத்திப் போடு. அப்பயும் பாஸுதான்,” என்றான் பிரபு அவசரமாக.

“வேணாம்பா.”

“ஏம்மா? சின்னத் தப்புதானே?”

“தப்பு சின்னதுதான். எவ்ளோ தப்பு பண்ணிகீறேன். அது இல்லடா.” தாளின் மேல் அந்த வரியைத் தடவினாள். “ரெண்டு தபா படிச்சேன். அவ படின்னு சொன்னப்பறம் படிச்சேன். ரெண்டு தபாவும் எனக்கு இது சரியாத்தான் தெரிஞ்சிச்சு.”

தாளை இரண்டாக மடித்தாள்.

“எது தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம்,” என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள். சிவப்பு எண் ஒரு கணம் தயங்கி மறைந்தது.

பிறகு எழுந்து, “நாஸ்தா ஆறிகினு கீது, வாங்க,” என்று இட்லிப் பாத்திரத்தைத் திறந்தாள். எனக்கு நான்கு வைத்தாள். மீன் குழம்பு ஊற்றினாள். தனக்கு வைத்துக்கொள்ள மறந்துவிட்டாள். பிரபு எழுந்து அவளுக்குத் தட்டு வைத்தான்.

அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. செங்கல்பட்டுக்குத் திரும்பி, கொளவாய் ஏரிக்கரையில் பகலில் நடந்தேன். ஒரு வரி எழுதுவேன், அடிப்பேன். உண்மை என்பது துடிப்புக் கணக்கு இல்லை. மிச்சப்படுத்திச் சொன்னால் கெட்டிக்காரத்தனம் என்பதும் இல்லை. ஒற்றைச் சொல்லில் ஒருத்தியின் கடலையும் ஜன்னலையும் எடுத்துவிட்டேன். வேறு சொல் எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

விமானம் பிற்பகலில். டாக்சி காலையிலேயே வந்து, மணலில் ஏறாமல் ரோட்டோரம் நின்றது. குப்பத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணன் மகன்கள் பெட்டிகளைத் தூக்கினார்கள். ஒரு பை நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்தார்கள். விமானத்தில் விடுவார்களோ என்று பிரபு விழித்தான்.

“எப்போ வருவ அஞ்சல?” என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டாள்.

“வரேன், வரேன். நீ கடனா வாங்கினு போன மீன் அறுக்கற கத்திய மட்டும் திருப்பிக் குடு, என் வூட்டுது அது,” என்றாள் அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். கத்தி உண்மையில் அந்த அம்மாளுடையதுதான். அவள் தலையை ஆட்டினாள். சிரித்துக்கொண்டே, “ஆமாம்மா, உன்னுதுதான்,” என்றாள்.

அஞ்சலை அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை மெல்ல இல்லை என்று அசைத்தேன்.

காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கத் தெரியாமல் தேடினாள், டிரைவர் இறக்கிவிட்டார். நான் குனிந்தேன். அவள் புடவையில் நாப்தலின் வாசனை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற அளவுக்கு.

“கோவமாடி?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்குக் கோவம்?”

“நான் ஆமாம்னு சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா இங்க இருந்திருப்பேன்.” கடல் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “அங்க வருவியா?”

“மழைக்கு முன்னாடி வரேன்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் கையை விடவில்லை. தலையை வெளியே நீட்டி, பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“இனிமே எல்லாரும் என்னைப் பாத்து சரி சரின்னு தலையாட்டுவாங்க, ரேவு. நீ ஆட்டாத. நான் தப்பா சொன்னா தப்புன்னு சொல்லு. நீயும் சரின்னுட்டா, அப்பறம் எனக்கு யாருடி கீறாங்க?”